மேட்டாங்காட்டுக்கு யார் சொந்தக்காரர்?

(மேச்சேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1086ஆம் ஆண்டில், ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிராத இரண்டு அரசர்கள் தங்கள் நாட்டு நிலத்தைக் கணக்கெடுத்தார்கள். ஒருவர் இங்கிலாந்தை வென்று ஆண்ட முதலாம் வில்லியம். மற்றவர் நம் முதலாம் குலோத்துங்க சோழன். வில்லியத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். இந்த ஊர் யார் கையில் இருக்கிறது, எத்தனை ஏர் உழுகிறது, குடியானவர் எத்தனை பேர், அடிமைகள் எத்தனை பேர், புல்வெளி எவ்வளவு, மாவரைக்கும் ஆலை எத்தனை என்றெல்லாம் விசாரித்து எழுதினார்கள். ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்ற அந்த ஏடு இன்றும் லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. குலோத்துங்கனின் கணக்கர்கள் எழுதியது ஓலையில். அந்த ஓலைக்கட்டுகள் நம் கைக்கு வந்து சேரவில்லை. கோயில் சுவரில் வெட்டியதும் செப்பேட்டில் பொறித்ததும்தான் மிச்சம்.

கல்லில் எல்லா நிலமும் ஏறவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, தானமாகவோ விலைக்கோ, மாறிய நிலம்தான் ஏறியது. அதிலும் பெரும்பகுதி கோயிலுக்கோ பிராமணருக்கோ போன நிலம். தகப்பனிடமிருந்து மகனுக்குச் சத்தமில்லாமல் இறங்கிய காட்டைப் பற்றிக் கல் வாய் திறப்பதில்லை. இதனால்தான் தமிழ்நாட்டு நில வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் காவிரிக்கரை நன்செய் ஊர்களின் வரலாறாக இருக்கிறது. மழையை நம்பிச் சோளமும் கம்பும் கேழ்வரகும் விதைத்த மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர்ப் பக்கத்து மேட்டாங்காடு அந்தப் புத்தகங்களின் ஓரத்தில்கூட வருவதில்லை. அந்தக் குறையை ஒரு மாலைப் பேச்சில் தீர்த்துவிட முடியாது. ஆனால் நன்செய் ஊர் நமக்குக் கற்றுத் தருவதை எடுத்துக்கொண்டு புன்செய் ஊரிடம் புதிய கேள்விகளைக் கேட்க முடியும். அதைத்தான் இன்று செய்யப் போகிறேன்.

முதலில் நன்செய்க்குப் போவோம். திருச்சிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் அல்லூர் என்று ஓர் ஊர். அதன் பக்கத்தில் ஈசானமங்கலம். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா இந்த இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை வரி வரியாக ஒப்பிட்டு 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். தமிழ் எழுத்தையும் கல்வெட்டு வாசிப்பையும் இங்கே வந்து கற்றுக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் நம் உழவர்களின் வரலாற்றைத் தேடியவர் அவர். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவர் செய்த வேலை எளிமையானது, ஆனால் அதுவரை யாரும் அந்தப் பொறுமையோடு செய்யாதது. ஒரு நிலம் விற்கப்பட்டால் அதன் நான்கெல்லை எழுதப்படும். கிழக்கே இன்னாருடைய நிலம், தெற்கே வாய்க்கால், மேற்கே இன்னாருடைய நிலம் என்று வரும். விற்றவரையும் வாங்கியவரையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், எல்லையில் யார் பெயர் நிற்கிறது என்று அவர் பார்த்தார். ஈசானமங்கலம் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். அங்கே எல்லைகளில் தனித்தனி ஆட்களின் பெயர்கள் வருகின்றன. நிலம் ஆளுக்காள் பிரிந்து கிடந்திருக்கிறது. உழுதவர்கள் வேறு ஆட்கள். அல்லூர் வேளாளர் ஊர். அங்கே நிலத்தை விற்பது ‘ஊரார்’. தனி ஆள் ஒருவர் தன் நிலத்தை விற்றதாக அந்தக் காலக் கல்வெட்டில் காணோம். ஊர் சேர்ந்து வைத்திருந்தது, ஊரே உழுதது. கூப்பிடு தூரத்தில் இருந்த இரண்டு ஊர்களில், ஒரே காவிரித் தண்ணீர் பாய்ந்த இரண்டு வயல்களில், சொந்தம் என்பதன் பொருளே வேறாக இருந்திருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம்? ஐரோப்பிய அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் இந்தியக் கிராமத்தைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். நிலமெல்லாம் அரசனுடையது, குடிகளுக்கு உரிமை கிடையாது என்றது ஒரு கட்சி. நிலமெல்லாம் கிராமத்தின் பொதுச்சொத்து, தனியுடைமையே கிடையாது என்றது இன்னொரு கட்சி. கார்ல் மார்க்ஸ் 1853இல் எழுதிய கட்டுரைகளிலும், ஹென்றி மெய்ன் 1871இல் வெளியிட்ட நூலிலும் இந்த வாதத்தின் தடம் உண்டு. அல்லூரும் ஈசானமங்கலமும் இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லிவிட்டன. ஊர் வாரியாகப் பார்க்காமல் ஒரு நாட்டின் நிலவுரிமையைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் ‘ஊரார்’ என்றவுடன் ஊரில் குடியிருந்த எல்லோரும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். இன்றைய பேச்சின் நடுப்பகுதி இதுதான்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் பல ஊர்களின் வருவாயை எழுதி வைத்தான். அதற்கு முன்பே, 1001ஆம் ஆண்டு வாக்கில், சோழ நாடு முழுவதும் அளக்கப்பட்டிருந்தது. அளவு எவ்வளவு நுணுக்கம் என்றால், ஒரு வேலியை இருபது மாவாகப் பிரித்து, அதற்குக் கீழே காணி, முந்திரிகை என்று இறங்குகிறார்கள். ஒரு முந்திரிகை 320இல் ஒரு பங்கு. அதையும் 320ஆகப் பிரித்தால் கீழ்முந்திரிகை. அதற்கும் கீழே கணக்குப் போகிறது. இத்தனை துல்லியமாக அளந்துவிட்டு, ஒவ்வோர் ஊரிலும் வரி கிடையாத இடங்களைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம் கழிக்கப்படுகிறது. கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்து வேறு ஊருக்குப் போகும் வாய்க்கால்கள் கழிக்கப்படுகின்றன. கம்மாணர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு கழிக்கப்படுகின்றன. மிச்சம் இருப்பது இறைகட்டும் நிலம்.

அந்தப் பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஒரு முழு ஊர் கண்முன் எழுந்து நிற்கும். நத்தத்தில் காணி என்ற நிலவுரிமை உடையவர்கள். தள்ளி ஒரு சேரியில் கொல்லரும் தச்சரும். இன்னும் தள்ளி, நாற்று நட்டு அறுத்துப் போரடித்த மக்கள். நத்தத்துக்காரர்களின் பெயர்களை ஆயிரம் கல்வெட்டுகளில் படிக்கலாம். சேரிக்காரர்கள் கணக்கில் வருவதெல்லாம் கழிக்கப்பட்ட ஒரு பரப்பளவாகத்தான். முந்திரிகை வரை அளந்த கணக்கன், அந்த மண்ணில் இறங்கி நின்ற ஆளின் பெயரை எழுதவில்லை. எழுதும் தேவை அவனுக்கு ஏற்படவில்லை, ஏனென்றால் அந்த ஆளுக்கு நிலம் கிடையாது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

ஆக, ஒரே வயலின் மேல் பல உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அரசனுக்கு இறை. காணி உடையவருக்கு மீயாட்சி. உழுகிறவருக்குக் காராண்மை. இந்த மூன்றையும் விற்கலாம், வாங்கலாம், தானம் கொடுக்கலாம். ஒன்றைக் கொடுத்தால் மற்றவை கூடவே போய்விட வேண்டும் என்பதில்லை. ஓர் ஊரைக் கோயிலுக்குத் தேவதானமாகக் கொடுக்கும்போது, பழைய குடிகள் அங்கேயே உழுதுகொண்டிருக்கலாமா, வெளியேற வேண்டுமா என்பதையும் எழுதினார்கள். குடிநீங்காத் தேவதானம் என்றால் குடிகள் இருந்தார்கள், அவர்கள் அளக்கும் நெல் மட்டும் இடம் மாறியது. குடிநீக்கித் தேவதானம் என்றால் அந்தக் குடும்பங்கள் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். மூன்று உரிமைக்கும் கீழே, களத்தில் மேரை என்ற தானியப் பங்கை வாங்கிய வெட்டியான், வண்ணார், நாவிதர், கொல்லர். அவர்கள் உரிமை களத்தோடு முடிந்தது, மண்ணுக்கு வரவில்லை.

நிலம் இருந்தால்தான் பொதுக்காரியத்தில் வாய் திறக்க முடியும் என்பதும் எழுதப்பட்ட விதியாக இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பெருமையோடு சொல்கிறோம். வாரியத்துக்குப் போட்டியிட வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். வேதக் கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். பெருமையைச் சொல்லும்போது இந்த விதியையும் சேர்த்துச் சொல்லுவோம்.

உரிமையை எப்படி நிரூபித்தார்கள் என்று மாணவர் ஒருவர் பேச்சு தொடங்கும் முன் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டில் ஒரு வழக்கு இருக்கிறது. மதுரைத் தெருவில் பாண்டியன் நெடுஞ்சடையன் போகும்போது ஒரு பிராமணர் முறையிடுகிறார். உன் முன்னோன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி எங்கள் முன்னோருக்குக் கொடுத்த ஊர் இது, களப்பிரர் காலத்தில் பறிபோனது, திருப்பிக் கொடு என்கிறார். பல தலைமுறைக்கு முந்திய சொத்து. அரசன் அவரை விரட்டவில்லை. பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு காட்டு என்கிறான். அவர் காட்டுகிறார். ஊர் திரும்பக் கிடைக்கிறது. ஓலை இல்லாவிட்டாலும் சுற்றுவட்டாரத்தின் வாய்ச்சொல் சாட்சியாக நின்றது. ஆனால் அந்த இடைக்காலத்தில் வேள்விக்குடியை உழுதவர்கள் யார், செப்பேட்டில் இந்தத் தீர்ப்பு ஏறிய அன்று அவர்கள் கதி என்ன ஆயிற்று? செப்பேடு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

மேச்சேரி, ஓமலூர், தாரமங்கலம் வட்டாரம் கொங்கின் இருபத்து நான்கு நாடுகளில் ஒன்றான பூவாணிய நாட்டில் அடங்கியது. வடக்கே போனால் அதியமான்களின் தகடூர் நாடு. இங்கே ஆற்றுப்பாசனம் இல்லை. காவிரி கைக்கெட்டும் தூரத்தில் ஓடினாலும் பள்ளத்தில் ஓடியது. 1934இல் மேட்டூர் அணை திறந்த பிறகும் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் டெல்டாவுக்குத்தான் போனது. உபரி நீரைத் திப்பம்பட்டியிலிருந்து இறைத்து நம் வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுவரும் வேலை நடந்ததே அண்மையில்தான். இப்படிப்பட்ட மண்ணில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆள் பஞ்சம், மாடு பஞ்சம், தண்ணீர் பஞ்சம். எனவே சொத்து என்பது முதலில் ஆடுமாடு, பிறகு ஏரி, கிணறு, அப்புறம்தான் காடு.

இதற்குச் சாட்சி நடுகற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் வயல்வரப்பிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் அந்தக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி தொறு. பகைவர் மாட்டு மந்தையை ஓட்டிப் போனார்கள், மீட்கப் போன இன்னான் பட்டான் என்று எழுதியிருக்கும். காவிரிக்கரைக் கோயில் சுவரில் நில விற்பனை. நம் பக்கத்துக் கல்லில் மாட்டுச் சண்டை. இரண்டு மண்ணின் பொருளாதாரமும் இதில் தெரிந்துவிடும். இறந்த வீரனின் குடும்பத்துக்கு ஊர் நிலம் கொடுத்தது. நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாகக் கிடைத்த காடு அது. வேதம் ஓதியதற்காகக் கிடைத்த பிரமதேயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். மந்தையைக் காக்கச் செத்தவனின் மனைவி மக்கள் உழுது பிழைத்த இந்தத் துண்டு நிலங்களைப் பற்றித் தனி ஆராய்ச்சியே நடக்க வேண்டும்.

அடுத்தது ஏரி. ஏரியில் வண்டல் வாரிக் கரை உயர்த்த ஆள் வேண்டும். அந்தச் செலவுக்கு ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி. கிணறோ அதைவிட முக்கியம். பிரமதேயம் கொடுக்கும் செப்பேடுகளில் சலுகைகளாகச் சிலவற்றை அடுக்குவார்கள்: சுட்ட செங்கல்லால் மாடி வீடு கட்டிக்கொள்ளலாம், தென்னை வைக்கலாம், கிணறு தோண்டலாம். கிணறு தோண்டுவதற்கே அனுமதி தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால், அனுமதி இல்லாதவர்கள் நிலை என்ன? நம் மேட்டுப்பூமியில் கிணறு இருந்தால் அது தோட்டம், இல்லையென்றால் வெறுங்காடு. கவலை கட்டி இறைக்க ஒரு சோடி மாடும் கிணறு வெட்டும் உரிமையும் வைத்திருந்தவர்தான் இங்கே உண்மையான நிலக்காரர்.

மூன்றாவது மேய்ச்சல். மேச்சேரி ஆடு என்றால் இன்று இந்தியா முழுவதும் தெரியும். கம்பளி இல்லாத, செம்மறியிலேயே தோலுக்குப் பேர்போன இனம். பொட்டனேரியில் அதற்காகவே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெயிலிலும் காய்ந்த புல்லிலும் தாக்குப்பிடிக்கும் அப்படி ஓர் இனம் நான்கைந்து வருடத்தில் உருவாகாது. தலைமுறை தலைமுறையாக மந்தைகள் திரிந்த பொதுக்காடு இருந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த கொல்லையில் யார் ஆட்டையும் விடலாம், இரவில் கிடை போட்டால் காட்டுக்காரர் தானியம் அளப்பார் என்ற வழக்கங்களும் நிலவுரிமைதான். பயிர் நிற்கும்போது ஒருவருக்குச் சொந்தம். தாள் நிற்கும்போது மந்தைக்குச் சொந்தம். இந்த உரிமையை எந்தக் கணக்கனும் எழுதவில்லை.

கொங்கில் காணி என்பது குடும்பச் சொத்து என்பதோடு நிற்கவில்லை. ஒரு கூட்டத்தாருக்கு ஓர் ஊரில் காணி என்றால் அங்கே நிலம், கோயில், முதல் மரியாதை மூன்றும் சேர்ந்து வரும். ஊரைவிட்டுப் போய்ப் பல தலைமுறை ஆனாலும் காணியாச்சிக் கோயிலுக்குப் பங்காளிகள் வந்து கூடுவது அதனால்தான். நிலத்தை விற்றிருப்பார்கள்; மரியாதை இன்னும் இருக்கும். நிலவுரிமையின் மேல் பகுதி தேய்ந்து, அடித்தடம் கோயில் திருவிழாவில் நிற்கிறது.

இதற்கிடையே 12, 13ஆம் நூற்றாண்டுகளில் காவிரிக்கரையில் காற்று மாறியது. திருவானைக்காவில் உள்ள கல்வெட்டுகளில் வேளாளர்களும் தனித்தனியாக நிலம் விற்கிறார்கள். உடையான், அரையன், பல்லவரையன் என்ற பட்டங்களோடு பெரும் நிலக்காரர்கள் தலையெடுக்கிறார்கள். அல்லூரில் பார்த்த கூட்டுடைமை கரைந்துபோகிறது. அரசு அதிகாரிகளும் பிராமண, வேளாளக் காணியாளர்களும் சேர்ந்து வரியை ஏற்றியபோது, 1429இல் வலங்கை, இடங்கை என்ற இரு சாதித் தொகுப்புகளைச் சேர்ந்த மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். இனி இன்னதற்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று அவர்களே கல்லில் வெட்டி வைத்தார்கள். கொறுக்கை, ஆடுதுறை, எலவானாசூர் ஆகிய இடங்களில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலக்காரர் மட்டுமே பேசிய கோயில் சுவரில் உழைப்பவரும் பேசிய இடம் அது. கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சேர்ந்து அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்ப் பள்ளிப் பாடத்தில் குடவோலைக்கு ஒரு பக்கம் இருப்பதுபோல இதற்கும் ஒரு பக்கம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் பக்கத்தில் அப்புறம் வந்தவர்கள் கெட்டி முதலிகள். மதுரை நாயக்கருக்கு அடங்கி, தாரமங்கலம், அமரகுந்தி, ஓமலூரை வைத்து ஆண்டார்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களைப் பார்த்தால் மேட்டாங்காட்டிலிருந்து எவ்வளவு வரி திரண்டிருக்கும் என்பது புரியும். பிறகு மைசூர் வந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் ஆங்கிலக் கும்பினி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் காடு காடாக அளந்தார்கள். ஒவ்வொரு குடியானவரிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை பிறந்தது நம் சேலத்து மண்ணில். பின்னால் மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அதுவே சட்டமாயிற்று. நடுவில் 1802க்குப் பிறகு சேலம் சீமையை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். வரி கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் நொடித்தார்கள். மிச்சம் இருந்த மிட்டாக்கள் 1948 சட்டம் வரை நீடித்தன.

ரீடும் மன்றோவும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இடைத்தரகர் இல்லாமல் குடியானவருக்கு வழி செய்தார்கள். ஆனால் அவர்கள் புத்தகத்தில் ஒரு காட்டுக்கு ஒரு வரிசை, ஒரு பெயர். மீயாட்சி, காராண்மை, மேரை, மேய்ச்சல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த அத்தனை உரிமையும் அந்த ஒற்றைப் பெயருக்குள் அடங்கிவிட்டது. அன்று கணக்கப்பிள்ளை முன் நின்றவர் முழு உரிமையாளர் ஆனார். பண்ணையத்தில் இருந்தவருக்கு எழுதப்படாமல் இருந்த பிடிமானமும் போயிற்று. மந்தைவெளியும் மேய்ச்சல் தரிசும் புறம்போக்கு என்ற தலைப்பில் ஏறி, ஊரின் பொதுவாக இருந்தது சர்க்காரின் சொத்தானது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் சேரி மக்களின் நிலைமையை நேரில் கண்டு 1891இல் அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. இராசராசன் கணக்கில் கழிக்கப்பட்ட சேரிக்கு நிலம் என்று எழுத ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு ஆகியிருக்கிறது. அந்த நிலத்திலும் எவ்வளவு பிறர் கைக்குப் போய்விட்டது என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. உங்கள் காட்டு வரப்பில் எழுத்துள்ள கல் இருந்தால், குலதெய்வக் கோயில் சுவரில் எழுத்து இருந்தால், தயவுசெய்து அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், திருப்பணி என்று மணல் பீய்ச்சிச் சுரண்டாதீர்கள். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். மைப்படி எடுக்க ஆள் வருவார்கள். பரணில் பழைய ஓலையோ, மிட்டா காலத்து ரசீதோ, தாத்தா காலத்துக் கிரயப் பத்திரமோ கிடந்தால் எரிக்காமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். பாட்டிமார்களிடம் கேளுங்கள்: எந்தக் காட்டில் யார் ஆடு மேய்ந்தது, எந்தக் கிணற்றில் யார் இறங்கக் கூடாது என்றார்கள், களத்தில் யாருக்கு எத்தனை வள்ளம் அளந்தார்கள் என்று. எழுதி வையுங்கள். அந்தக் குறிப்புகளோடு யார் வந்தாலும் உட்கார்ந்து படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.